பெரட்டுக்குப் புறப்படும் பாட்டி

அன்பு மகளுக்கு,

அல்சைமர் நோயாளிகளின் மனநிலை பற்றி ஆய்வு செய்ய, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் வீடு வீடாகப் போகப்போகிறாய் என்று அண்ணன் சொன்னார். ‘மறதி நோய்க்கும் மனநிலைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று யாராவது கேட்டால், ஆகுஸ்டே டேட்டரைப் பற்றிச் சொல். 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு வந்த 51 வயதுப் பெண். அவரிடம் முதலில் தலைகாட்டியது கணவர்மேல் சந்தேகம், மறதி பிறகுதான். 1907இல் அலோயிஸ் அல்சைமரே இதை எழுதிவைத்தார்.

நம் வீடுகளிலும் அப்படித்தான். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். ‘சங்கிலிய மருமகதான் எடுத்துட்டா’ என்று பழி விழுந்தால் குடும்பமே இரண்டுபடும்.

நீ கொண்டுபோகும் என்.பி.ஐ. (நரம்பியல் மனநல அறிகுறிப் பட்டியல்) வினாத்தாள், ஜெப்ரி கம்மிங்ஸ் குழுவினர் 1994இல் வெளியிட்டது. முதலில் 10 அறிகுறிகள். பிறகு தூக்கமும் சாப்பாடும் சேர்ந்து 12 ஆயின. எவ்வளவு அடிக்கடி என்பதற்கு 1 முதல் 4, கடுமைக்கு 1 முதல் 3. இரண்டையும் பெருக்க வேண்டும். பதில் சொல்பவர் நோயாளி அல்ல, பார்த்துக்கொள்பவர். சிக்கலே இங்கேதான். ராத்திரியெல்லாம் கண்விழித்த மகளின் ‘ரொம்ப’ வேறு. சனி ஞாயிறு மட்டும் எட்டிப்பார்க்கும் மகனின் ‘ரொம்ப’ வேறு. பதில் சொன்னவர் யார், நாளில் எவ்வளவு நேரம் கூட இருக்கிறார் என்று எழுதிக்கொள். இந்தோனேசியப் பணிப்பெண் இருந்தால் அவரிடமும் மலாயில் கேள். பல வீடுகளில் அவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

கிள்ளான் ஃபிளாட் ஒன்றில், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கதவைத் திறக்கப் போராடுகிறாள் ஒரு பாட்டி என்று வைத்துக்கொள். தாளில் அது இரவு நேரக் கோளாறு. முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள் என்று தெரிந்தால்தான், விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்படுகிறாள் என்பது விளங்கும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதே. வீட்டில் யாரும் தூங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவள் செய்த வேலையைப் பக்கத்தில் குறித்துவை. அதட்டினால் கைநீட்டக்கூடியவள், ‘மழை பெய்யுது பாட்டி, இன்னிக்கு வெட்டு இல்ல’ என்று ஒரு கோப்பி கொடுத்தால் உட்கார்ந்துவிடலாம். வினாத்தாளின் எந்தக் கட்டத்திலும் இதற்கு இடமில்லை.

பேசாமல் இருப்பவர்களையெல்லாம் மனச்சோர்வு என்று போட்டுவிடாதே. அழுகை, ‘நான் இருந்து என்ன ஆகப்போவுது’ என்ற பேச்சு இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். துக்கமும் இல்லை, ஆசையும் இல்லை, டிவி ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான் என்றால் அது அக்கறையின்மை. அல்சைமரில் அது மிகச் சாதாரணம். இரண்டும் சேர்ந்தும் வரும். மனச்சோர்வுக்கே மருந்து கைகொடுப்பதில் சந்தேகம் இருக்கிறது: 2011இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில், 326 பேரிடம் செர்ட்ராலினும் மிர்டாசபினும் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை.

‘அடக்கிவைக்க மாத்திரை இருக்கா?’ என்று உன்னிடமே கேட்பார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் புதிய தலைமுறை மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்தது. மருத்துவரிடம் அனுப்பு, நீ யோசனை சொல்லாதே. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளையின் தொலைபேசி எண்ணைக் கையோடு வைத்திரு.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. ‘நேத்து வரைக்கும் நல்லா இருந்தாங்க, இன்னிக்கு ஒரேயடியா மாறிட்டாங்க’ என்றால் வினாத்தாளை மூடிவிடு. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், சொல்லத் தெரியாத வலியாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா