கியூரி அம்மையாரும் மகளிரும்

பிற நாடு காணும் வேட்கை மக்கட்கு இயல்பாக அமைந்தது. பழந்தமிழர் பயணத்தைச் ‘செலவு’ என்றனர். இந்நாளில் அச்சொல் கைப்பொருள் கழிவதையே குறிக்கின்றது. கடல் கடந்து சென்று மீண்டவர், அவ்விரு பொருளும் ஒரு சொல்லில் இணைந்தது பொருத்தமே என்பர். ஆயின், நாம் இங்குக் காணப்போகும் செலவு கைப்பொருள் இல்லாத தாய் ஒருவர் தம் மகளிர் இருவருடன் மேற்கொண்டது.

பிரான்சு நாட்டில் வாழ்ந்த மேரி கியூரி அம்மையார் போலந்து நாட்டிற் பிறந்தவர். 1898-இல் தம் கணவர் பியரி கியூரியுடன் ரேடியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்தார். கொட்டகை ஒன்றில் நான்காண்டு உழைத்து, வண்டி வண்டியாகக் கனிமக் கழிவைக் காய்ச்சி வடித்து, இறுதியில் அவர்கள் பிரித்தெடுத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கேயாகும். அம்முறைக்கு அவர்கள் காப்புரிமை பெற்றாரல்லர். அறிவு அனைவர்க்கும் பொது என்று விட்டுவிட்டனர். 1906-இல் பியரி தெருவில் வண்டி மோதி மாண்டார். அப்பொழுது மூத்த மகள் ஐரீனுக்கு எட்டு வயது. இளையவள் ஈவுக்கு ஓராண்டு சில திங்கள்.

1920-ஆம் ஆண்டில் மெலோனி என்னும் அமெரிக்கப் பெண்மணி, பத்திரிகை ஆசிரியர், அம்மையாரைக் காணப் பாரிசு வந்தார். அமெரிக்காவில் ஐம்பது கிராம் அளவு ரேடியம் இருக்க, அதனைக் கண்டறிந்தவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கிராமே உள்ளது என்றறிந்து அவர் வியந்தார். அதுவும் தமதன்று, ஆய்வுக்கூடத்திற்கு உரியது என்றார் அம்மையார். ஒரு கிராமின் விலை அந்நாளில் ஒரு லட்சம் டாலர். மெலோனி அம்மையார் தம் நாட்டுப் பெண்களிடம் தண்டி அத்தொகையைத் திரட்டினார். நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் வேண்டியபோது, கூட்டத்தை அஞ்சும் இயல்பினராகிய கியூரி அம்மையார் மகளிரைப் பிரிந்து வர இயலாது என்று தயங்கினார். மகளிரையும் உடன் அழைத்து வருக என்று விடை வந்தது. இனி மறுப்பதற்கு வழி ஏது?

1921 மே மாதத்தில் மூவரும் ‘ஒலிம்பிக்’ என்னும் பெருங்கப்பலில் ஏறினர். அது, 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலோடு ஒரே வார்ப்பிற் கட்டப்பட்டது. அம்மையாருக்கு அப்பொழுது ஐம்பத்து மூன்று வயது. ரேடியத்தோடு பழகிய உடல் தளர்ந்திருந்தது. கண்ணொளியும் மங்கத் தொடங்கியிருந்தது. ஐரீன் இருபத்து மூன்று வயதினர். போர்க்காலத்தில் தாயுடன் எக்சு கதிர்க் கருவிகளைக் கொண்டு காயமுற்ற வீரர்க்குத் தொண்டு செய்தவர். பதினாறு வயதினராகிய ஈவுக்கு இசையில் நாட்டம். நியூயார்க்குத் துறையில் இறங்கியதும் செய்தியாளர் சூழ்ந்துகொண்டனர். அவருட் சிலர் ஈவை ‘ரேடியம் கண்ணினள்’ என்று எழுதினர். ஓயாது கைகுலுக்கியதால் அம்மையாரின் கை புண்பட்டுக் கட்டிட்டுத் தொங்கவிட வேண்டியதாயிற்று. அன்பும் அளவிறந்தால் நோயாகும் போலும்! வீட்டில் அமைதியாக நடமாடிய தம் அன்னை உலகிற்கு யார் என்பதை மகளிர் முதன்முதல் முழுமையாக உணர்ந்தது அங்கேதான்.

மே 20-ஆம் நாள் வெள்ளை மாளிகையில் அதிபர் ஹார்டிங் பரிசினை வழங்குவதாக ஏற்பாடு. அதற்கு முன்னாள் இரவில் கொடை ஆவணத்தை அம்மையாரிடம் காட்டினர். ரேடியம் அவர் பெயருக்கே எழுதப்பட்டிருந்தது. அவர் உடனே மறுத்தார். இவ்வாறே இருப்பின், தாம் இறந்தபின் அது தம் மகளிர்க்குரிய தனிச்சொத்தாகிவிடும், அது கூடாது, ஆய்வுக்கூடத்திற்கே உரியதாக மாற்றி எழுத வேண்டும் என்றார். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தனர். அவர் இசையவில்லை, இன்றிரவே முடிதல் வேண்டும் என்றார். அந்நேரத்தில் வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப்பிடித்து ஆவணத்தைத் திருத்தினர். மகளிர்க்குத் தேடி வைப்பதே தாயின் கடன் என்று எண்ணுவோர் இதனை ஏற்பார்களோ, அறியேன். அம்மகளிர் இருவரும் இதனைக் குறையாகக் கருதினர் என்பதற்கு மட்டும் சான்றில்லை. மறுநாள் அதிபர் அளித்தது பேழையின் பொற்சாவி ஒன்றே. மெய்யான ரேடியம் ஆலையிற் காவலில் இருந்தது.

விருந்துகளும் பட்டமளிப்புகளும் அம்மையாரைப் பெரிதும் களைப்புறச் செய்தன. மருத்துவர் சொற்படி சில நிகழ்ச்சிகள் நீக்கப்பட்டன. சிலவற்றில் அன்னையின் இடத்தில் மகளிரே நின்று பட்டமும் பாராட்டும் ஏற்றனர். பின்னர் மூவரும் மேற்றிசை நோக்கிப் புகைவண்டியிற் புறப்பட்டு, மணற்பரப்பைக் கடந்து, அரிசோனாவில் உள்ள மாபெரும் பள்ளத்தாக்கை அடைந்தனர். கொலராடோ ஆறு பல லட்சம் ஆண்டுகளாக அறுத்து அறுத்து ஆக்கிய பிளவு அது. நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழமோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மிகுதி. விளிம்பில் நின்று நோக்குவார்க்குப் பாறை அடுக்குகள் காலையில் ஒரு நிறமும் மாலையில் வேறொரு நிறமுமாகத் தோன்றும். சிவப்பு, ஊதா, மஞ்சள் எனக் கதிரவன் சாயச்சாய மாறும். ஐரீனும் ஈவும் மட்டக்குதிரை ஏறி விளிம்போரமாகச் சுற்றினர். கோவேறு கழுதைகளின்மேல் அமர்ந்து, வளைந்து வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில், சேறும் கல்லும் உருட்டி ஓடும் ஆறு வரையிலும் இறங்கினர்.

ஈண்டு ஒன்று கூற வேண்டும். அப்பள்ளத்தின் அடியிற் கிடக்கும் பாறைகள் ஏறத்தாழ 180 கோடி ஆண்டுப் பழமையுடையன என்று இன்று அறிகிறோம். அதனை அளந்து காட்டியது, யுரேனியம் முதலிய தனிமங்கள் கதிர் வீசிச் சிதையும் கணக்கேயாகும். அக்கதிரியக்கத்திற்குப் பெயர் சூட்டியவர் மகளிருடன் அங்கு வந்த தாயே.

நயாகரா அருவியையும் அவர்கள் கண்டனர். சூன் இறுதியில் அதே கப்பலில் திரும்பினர். ஈயப்பேழையுள் அடைத்த ரேடியம் கப்பலின் காப்புப் பெட்டகத்தில் உடன் வந்தது. அன்னையின் ஆய்வுக்கூடத்திலேயே பணி தொடர்ந்த ஐரீன், தம் கணவருடன் 1935-இல் நோபல் பரிசு பெற்றார். அதனைக் காண அன்னை இல்லை. அவர் 1934-இல் மறைந்தார். ஈவ் 1937-இல் அன்னையின் வரலாற்றை எழுதினார். பள்ளத்தாக்கில் இறங்கிய கதை அந்நூலில் உள்ளது.

கியூரி அம்மையார் 1929-இல் மீண்டும் ஒருமுறை அமெரிக்கா சென்றார். இம்முறை வார்சா நகர ஆய்வுக்கழகத்தின் பொருட்டு. மகளிர் உடன் செல்லவில்லை. வெள்ளை மாளிகையில் அதிபர் ஹூவரின் விருந்தினராகத் தங்கியிருந்த அம்மையார், தமக்குத் தந்தத்தாற் செய்த மிகச் சிறிய யானை ஒன்றும், அதனினும் சிறியது ஒன்றும் கிடைத்தன என்றும், யானை அதிபர் கட்சியின் சின்னமாதலின் அம்மாளிகை எங்கும் சிறிதும் பெரிதுமான யானைகளே நிறைந்துள்ளன என்றும் மகளுக்கு மடல் எழுதினார்.