காய்ச்சலா, ஒவ்வாமையா? வெல்டிங் தம்பிகளுக்குச் சில வார்த்தைகள்

சிங்கப்பூரில் ஜூரோங், துவாஸ் கப்பல் பட்டறைகளில் வெல்டிங் வேலை பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் தம்பிகள் சொல்வார்கள்: "அண்ணே, ராத்திரி குளிர்க்காய்ச்சல். காலையில சரியாயிடுச்சு." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நேத்து எந்த இரும்புல வேலை?"

துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயில் வெல்டிங் அடித்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்த சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், வாயில் உலோகச் சுவை. ஓரிரு நாளில் தணிந்துவிடும். தினமும் அதே வேலை என்றால் உடம்பு பழகிக்கொள்ளும். ஓய்வு முடிந்த திங்கட்கிழமை மறுபடி தாக்கும். இது ஒவ்வாமை இல்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. அவற்றுக்கு உடம்பில் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், அப்புறம் கொஞ்சம் புகையே இழுப்பைக் கிளப்பிவிடும். வேலை நாளில் இருமலும் நெஞ்சு இறுக்கமும் கூடி, விடுப்பில் குறைந்தால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில் பலன் தந்தவை:

1. போனிலேயே குறித்து வையுங்கள்: தேதி, உலோகம், வெட்டவெளியா டேங்க் உள்ளேயா, தொந்தரவு தொடங்கிய நேரம்.

2. டாக்டரிடம் முதலில் "நான் வெல்டர்" என்று சொல்லி அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். கை அரித்துக் கொப்பளித்தால் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை உண்டு.

3. துணி மாஸ்க் இந்தப் புகையைத் தடுக்காது. முகத்தில் சரியாகப் பொருந்தும் ரெஸ்பிரேட்டர் வேண்டும். டேங்க் உள்ளே புகை உறிஞ்சும் குழாயைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

4. பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்று நம்பாதீர்கள். பால் நுரையீரலுக்குப் போகாது.

5. காய்ச்சலோடு மூச்சுத் திணறல் ஏறிக்கொண்டே போனால் காத்திருக்காமல் 995இல் ஆம்புலன்ஸை அழையுங்கள். கேட்மியம் பூசிய பொருளின் புகை உயிரையே எடுக்கும்.

வெல்டிங் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் வகைப்படுத்தியது. ஆகவே காய்ச்சல் வராதவருக்கும் இந்தப் பாதுகாப்பு தேவை.

சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வேலையால் வரும் ஆஸ்துமாவையும் தோல் நோயையும் ஏற்கிறது. வேலை பெர்மிட் போய்விடுமோ என்று பயந்து நோயை மறைத்தால் அது முற்றத்தான் செய்யும். கம்பெனி கேட்காவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் உதவி கேளுங்கள். போகும்போது அந்தக் குறிப்பையும் டாக்டர் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.