கம்பெனி வாசலில் தாக்கலான வருமானவரிக் கணக்கு

கேள்வி: வக்கீல் ஐயா, மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருக்கிறேன். மூன்று வருஷங்களுக்கு முன் கம்பெனி வாசலுக்கு லேப்டாப்புடன் வந்த ஒருவர், பிடித்த வரியைத் திரும்ப வாங்கித் தருகிறேன், வருகிற தொகையில் நூற்றுக்குப் பத்து எனக்கு என்று பேசி, எங்களில் பலருக்கு ரிட்டர்ன் போட்டார். பான் கார்டு, ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்தோம். ஓடிபி கேட்டார், சொன்னோம். இரண்டு வருஷம் பணம் வந்தது. இந்த வருஷம் வரவில்லை. அவர் போனும் எடுப்பதில்லை. வருமானவரி போர்ட்டலில் என் பெயரிலுள்ள கணக்கின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. அதில் பதிவான மொபைல் நம்பரும் மெயிலும் என்னுடையவை அல்ல. உடன் வேலை செய்யும் ஒருவருக்கு, கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகப் பொய்க்கணக்கு காட்டியதற்கு நோட்டீஸ் வந்திருக்கிறதாம். இதற்கிடையே, ரீஃபண்டு அனுமதிக்கப்பட்டது, கணக்கு எண்ணைச் சரிபார்க்க லிங்கைத் தொடவும் என்று ஓர் எஸ்எம்எஸ் வந்தது. தொட்டு, விவரங்களை நிரப்பினேன். ஏடிஎம் கார்டு எண் கேட்டதும் நிறுத்திவிட்டேன். நான் குற்றவாளியா? என்ன செய்வது?
— வாசகர், சடையங்குப்பம்

பதில்: அன்பரே, தங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதிய விஷயத்தையே நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மற்றவற்றுக்குச் சில நாள் அவகாசம் உண்டு, இதற்கு இல்லை. ரீஃபண்டு வரவேண்டிய பிரஜையிடம் லிங்கைத் தொடச் சொல்லியோ, கார்டு எண், பின், ஓடிபி இவற்றைக் கேட்டோ வருமானவரி இலாகா ஒருபோதும் செய்தி அனுப்புவதில்லை. போர்ட்டலில் முன்கூட்டிச் சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்குப் பணம் தானாக வந்து சேரும். ஆகையால் தங்களுக்கு வந்தது மோசடிச் செய்தியே. கார்டு எண்ணைக் கொடாமல் நின்றது விவேகம். ஆயினும் அதுவரை நிரப்பிய விவரங்கள் அந்நியர் கைக்குப் போய்விட்டன என்றே கொண்டு, இன்றே வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் யுபிஐ பின்னையும் மாற்றிவிடுங்கள். 2017 ஜூலை 6ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் நஷ்டம்கூட, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் கணம் வரைதான் அவர் தலையில் விழும். அதற்குப் பின் போவது வங்கியின் பொறுப்பு. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணைத் தாமதமின்றி அழையுங்கள்.

அடுத்தது, தங்கள் பெயரிலுள்ள கணக்கு தங்கள் கைக்குத் திரும்ப வேண்டும். இதற்கு அந்த ஏஜெண்டின் தயவு தேவையில்லை. போர்ட்டலில் பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கான பகுதிக்குச் சென்று, ஆதார் ஓடிபி என்ற வழியைத் தேர்ந்தால், அந்த ஓடிபி போர்ட்டலில் பதிவான ஏஜெண்டின் எண்ணுக்குப் போகாமல், ஆதாரோடு இணைந்த தங்கள் எண்ணுக்கே வரும். பான் எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆதாரில் பழைய எண் கிடந்தால், முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் சென்று அதை மாற்றிக்கொள்ளுங்கள். வங்கியின் நெட் பேங்கிங் வழியாக நுழையவும் வழியுண்டு. உள்ளே போனதும் பாஸ்வேர்டு, மொபைல் எண், மின்னஞ்சல் மூன்றையும் மாற்றி, ரீஃபண்டுக்கெனக் குறிக்கப்பட்டிருக்கும் வங்கிக் கணக்கு தங்களுடையதுதானா என்று பாருங்கள். பிறகு ஈ-ஃபைலிங் வால்ட் என்ற பகுதியில் உயர் பாதுகாப்பைத் தேர்ந்து வைத்தால், பாஸ்வேர்டு ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்பவன் இனி நுழைய முடியாது. இவற்றுக்காக நுங்கம்பாக்கம் ஆயகர் பவனுக்கு ஒரு நாள் சம்பளத்தை இழந்து போகவேண்டிய அவசியம் இல்லை.

இனி, தாங்கள் குற்றவாளியா என்ற கேள்வி. தங்கள் சங்கடம் தனிப்பட்டதன்று. 2025 ஜூலை 14ஆம் தேதி மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட அறிக்கை, பொய்க் கழிவுகளைக் காட்டி ரீஃபண்டு வாங்கித் தரும் இடைத்தரகர்களைத் தேடி நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடந்ததாகவும், அப்படிப்பட்ட கும்பல்கள் செயல்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று எனவும் கூறியது. மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உண்டாக்கிப் பின்னர் அவற்றைக் கைவிட்டுவிடுவதால், இலாகா அனுப்பும் நோட்டீஸ்கள் படிப்பாரற்றுக் கிடக்கின்றன என்றும் அது எழுதிற்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாமாகவே தம் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளை வாபஸ் பெற்றிருந்தனர்.

சட்டத்தின் பார்வையில் அந்த ரிட்டர்ன் தங்களுடையது. லேப்டாப் அவருடையதாயினும், தாங்கள் சொன்ன ஓடிபிதான் தங்கள் கையொப்பம். ரிட்டர்னில் கண்ட மின்னஞ்சலுக்கு நோட்டீஸை அனுப்புவதே சார்வு செய்ததாகும் என்று வருமானவரி விதிகள் கூறுவதால், அது ஏஜெண்டின் மின்னஞ்சலாக இருந்தது என்ற சமாதானம் சுலபத்தில் எடுபடாது. நோட்டீஸைப் போர்ட்டலில் வெறுமனே ஏற்றி வைத்தால் மட்டும் போதாது என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பித் தாங்கள் சும்மா இருப்பதற்கு நான் சம்மதியேன். அறியாமை, தண்டனையைப் பொறுத்த மட்டில் ஓரளவு துணைக்கு வரும். வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதிலிருந்து அது யாரையும் விடுவிக்காது.

ஆகவே கணக்கு கைக்கு வந்ததும், தாக்கலான ஒவ்வோர் ஆண்டின் ரிட்டர்னையும் இறக்கி, கம்பெனி கொடுத்த படிவம் 16ஓடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். தாங்கள் கொடாத நன்கொடை, கட்டாத வீட்டு வாடகை, வாங்காத கல்விக் கடனின் வட்டி, எடுக்காத மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆகியவையே வழக்கமாக இடம்பெறுபவை. உதாரணமாக, கட்சிக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்ததாக 80ஜிஜிசி பிரிவில் எழுதியிருந்தால், 20 சதவீத விகிதத்தில் செஸ்ஸோடு 20,800 ரூபாய் தங்களுக்கு நியாயமின்றி வந்திருக்கும். அதில் ஏஜெண்டுக்குப் போனது 2,080. இலாகா தானே கண்டுபிடித்து, பிழையான விவரம் தந்ததாக 270ஏ பிரிவின்படி அபராதம் விதித்தால், வரியும் வட்டியும் போக, வரியைப் போல் இரு மடங்கு, அதாவது 41,600 ரூபாய் மேலும் கட்டநேரிடும். கமிஷன் வாங்கியவர் அதில் பங்கு கொள்ள வரமாட்டார்.

அதற்கு முந்திக்கொள்ளும் மார்க்கம், 139(8ஏ) பிரிவில் உள்ள புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை இதைத் தாக்கல் செய்யலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2029 மார்ச் 31 வரை. பெற்ற ரீஃபண்டு, அதற்குரிய வட்டி இவற்றோடு, கூடுதல் வரியாக முதல் 12 மாதங்களுக்குள் 25 சதவீதம், பின்னர் ஆண்டுக்கு ஆண்டு 50, 60, 70 என்று உயர்ந்து செல்லும் தொகையைக் கட்டவேண்டும். ஆகவே தாமதம் நேராகப் பணத்தைத் தின்னும். அந்த ஆண்டின் கணக்கில் இலாகாவின் பரிசீலனை தொடங்கிவிட்டால் இந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும் என்பதால், சக ஊழியருக்கு நோட்டீஸ் வந்த செய்தியைத் தங்களுக்கும் ஓர் எச்சரிக்கையாகக் கருதுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய வருமானவரிச் சட்டம் முந்தைய ஆண்டுகளைத் தொடாது. அவற்றுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்ச ரூபாய் வரை சம்பள வருமானத்துக்கு வரியே இல்லை என்றாகிவிட்ட பிறகு, இப்படிப்பட்ட பொய்க்கு அவசியமே பெரும்பாலோருக்கு நீங்கிவிட்டது.

இந்த வருஷம் ரீஃபண்டு வராததற்குக் காரணம் போர்ட்டலிலேயே எழுதியிருக்கும். பழைய பாக்கிக்கு ஈடுகட்டப் போவதாக 245ஆம் பிரிவின் அறிவிப்பு இருந்தால், பதிலளிக்க 21 நாட்களே உண்டு. எந்த அறிவிப்பும் உண்மையானதா என்பதை, அதில் கண்ட ஆவண எண்ணைக் கொண்டு, லாகின் செய்யாமலே சோதிக்கலாம். 2019 அக்டோபர் 1 முதல் விசேஷ சூழ்நிலைகள் தவிர, அந்த எண்ணின்றி இலாகா எதுவும் எழுதக்கூடாது.

ஏஜெண்டைப் பற்றி ஒரு வார்த்தை. வாசலுக்கு வந்தவரைத் தாங்கள் ஆடிட்டர் என்று நினைத்திருக்கலாம். உண்மையான சார்ட்டர்ட் அக்கௌண்டண்ட், கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக் கூலி வாங்குவதை 1949ஆம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கௌண்டண்டுகள் சட்டமே தடுக்கிறது. பிறர் பாஸ்வேர்டை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்மீது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் புகார் செய்யலாம். மூன்று ஆண்டு வரை சிறையுண்டு. ஆனால் புகாரை எழுதுமுன் புதுப்பித்த ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிடுங்கள். கொடுத்த கமிஷனைத் திரும்பக் கேட்பது, தாங்கள் பொய்யை அறியாதிருந்தீர்கள் என்று நிரூபிப்பதைப் பொறுத்தது. ஆகையால் அவருக்குப் பணம் அனுப்பிய யுபிஐ பதிவுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரங்கள் சட்டம் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை தந்திருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.