இரண்டாம் எண்ணில் தொடங்கு

வல்லக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் அன்பு மருமகனுக்கு மாமா எழுதுவது.

நீ ஒரகடத்தில் பெயிண்ட் ஷாப்பில் சேர்ந்த செய்தியை அக்கா சொன்னாள். ரப்பர் முகமூடி மாட்டுவதால் தினமும் சவரம் செய்துகொண்டு வரச் சொல்கிறார்கள் என்றும், கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாகக் கிடக்கிறது என்றும் சொன்னாள். இந்தப் பார்சலில் உனக்கு ஒரு ரேசர் வருகிறது. தலைக்குக் கீழே 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருப்புவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்துவிடு.

கம்பெனிக்குத் தாடி பிடிக்கவில்லை, அதனால்தான் படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. காருக்குப் பளபளப்புத் தரும் இரண்டு கூறு கலந்த கிளியர் கோட்டில் சேர்க்கும் ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். அதன் நுண்துளிகள் மூச்சில் போய்க்கொண்டே இருந்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே இழுப்பைக் கிளப்பிவிடும். முகமூடி காப்பாற்றுவது, அதன் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி நிற்கும்வரைதான். நடுவில் முடி முளைத்திருந்தால் காற்று வடிகட்டிக்குள் போகாமல் அந்தச் சந்து வழியாகவே உள்ளே வந்துவிடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, முகமூடி விளிம்பு முகத்தில் படும் இடத்தில் முடி இருக்கவே கூடாது என்கிறது. எந்த வடிகட்டி, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதையும் சேஃப்டி ஆபீசரிடம் கேட்டு வைத்துக்கொள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது உன் நுரையீரல்.

சவரத்துக்கும் முகமூடிக்கும் உள்ள உறவு நூறு வருஷத்துக்கு மேல் பழையது. கிங் கேம்ப் ஜில்லெட் 1903-இல் தன் பாதுகாப்பு ரேசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அந்த வருஷம் முழுவதும் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. பதினைந்தே ஆண்டில் நிலைமை தலைகீழானது. முதல் உலகப் போரில் விஷவாயு வந்தது. வாயு முகமூடி தோலோடு ஒட்ட வேண்டியிருந்தது. பதுங்குகுழியில் முடிதிருத்துபவருக்கு எங்கே போவது? 1918-இல் அமெரிக்க ராணுவத்துக்கு அந்தக் கம்பெனி 35 லட்சம் ரேசரும் 3 கோடியே 20 லட்சம் பிளேடும் கொடுத்தது. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மாமா டூல் ரூமில் காலம் தள்ளியவன் என்பதால் இந்தக் கருவியில் மனம் லயித்துப் பேசுவதைப் பொறுத்துக்கொள். ஜில்லெட்டுக்கு யோசனை வந்ததற்கும் பிளேடு கைக்கு வந்ததற்கும் நடுவில் பல வருஷம் ஓடியது. காகிதம்போல மெல்லிய எஃகுத் தகட்டை நெளியாமல் கடினப்படுத்த முடியாது என்று உலோகம் தெரிந்தவர்களே கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதற்கு வழி கண்டார். இன்று பெட்டிக்கடையில் தொங்கும் இருபக்க பிளேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நம் தாடி முடியின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இனி வளையத்துக்கு வருவோம். பிளேடின் கூர்விளிம்புக்கும், அதற்குக் கீழே தோலை அழுத்திப் பிடிக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால், மென்மையான ரேசர்களில் அது அரை மில்லிமீட்டரை ஒட்டியும், முரட்டு ரேசர்களில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியும் நிற்கும். சாதாரண ரேசரில் இந்த இடைவெளியைப் பட்டறையிலேயே நிர்ணயித்துவிடுகிறார்கள், திருப்பி மாற்ற வளையம் கிடையாது. 1950-களின் கடைசியில் ஜில்லெட் வெளியிட்ட, இன்றைக்கும் பிரியர்கள் ‘ஃபேட் பாய்’ என்று செல்லமாக அழைக்கும் ரேசரில் அதை நாமே மாற்றிக்கொள்ளலாம். வளையத்தைத் திருப்பினால் அடித்தட்டு ஏறும், இறங்கும். உனக்கு வருவதும் அந்த வகைதான். ஜெர்மனியில் சோலிங்கன் நகரத்து மெர்குர் கம்பெனியும் இப்படிச் சரிசெய்யும் ரேசர்களைச் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குக்கு எண் போடுவதால், ஒன்றின் மூன்று இன்னொன்றின் மூன்று ஆகாது.

எண் கூடக்கூட வழவழப்பு கூடும் என்று நினைப்பதில்தான் எல்லோரும் ரத்தம் பார்க்கிறார்கள். இடைவெளி அகலமானால் ஒரே இழுப்பில் அதிக முடி வெட்டுப்படும், உண்மை. கூடவே அந்தச் சந்துக்குள் தோலும் அதிகமாகப் பிதுங்கி ஏறும். பெரிய எண் நாலு நாள் தாடிக்கு. தினம் சவரம் செய்கிறவன் முகத்தில் ஒரு நாளில் முளைப்பது சுமார் 0.4 மில்லிமீட்டர். அதை எடுக்க இரண்டாம் எண் போதும். இரண்டில் தொடங்கு.

அதே பிளேடு, அதே சோப்பு, அதே எண் என்று ஒரு வாரம் ஓட்டு. கன்னத்தில் சொரசொரப்பு நின்றால் மூன்றுக்குப் போ. சி.என்.சி. மெஷினில் ஆஃப்செட்டைக் கொஞ்சம் மாற்றி, ஒரு பீஸ் ஓட்டி, அளந்து பார்த்துவிட்டுத்தானே அடுத்ததைத் தொடுவார்கள்? எண்ணையும் பிளேடையும் ஒரே நாளில் மாற்றினால், எரிச்சல் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எண்ணை மாற்றும்போது கைப்பிடி அடியிலுள்ள திருகை அரைச் சுற்று தளர்த்திவிட்டு மாற்று, பிறகு இறுக்கு. பிளேடு இறுக்கமாக உட்கார்ந்திருப்பது முக்கியம். உன் அறைத் தோழர்களிடம் மூன்று பாகமாகக் கழற்றும் ரேசர் இருக்கும். கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் நன்றாக வெட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அங்கே இடைவெளி கூடுகிற அளவுக்குப் பிளேடின் பிடிமானமும் போய், விளிம்பு தடதடவென்று அதிரும். பழைய பிளேடின் கூர்விளிம்பை உடைத்துவிட்டு, புது பிளேடுக்கு அடியில் ‘ஷிம்’ கொடுத்து இடைவெளியைக் கூட்டுகிறவர்களும் உண்டு. கணக்கு சரிதான், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடும். எண் வளையம் இருக்கிற உனக்கு அந்த வேலை தேவையில்லை.

இந்த ரேசரின் உண்மையான வசதி வேறு. கன்னத்துக்கு ஒரு எண், கழுத்துக்கு அதைவிடக் குறைந்த எண் என்று ஒரே சவரத்தில் மாற்றிக்கொள்ளலாம். வார விடுமுறையில் தோலுக்கும் விடுமுறை கொடு. மறுநாள் இரண்டு நாள் முடியை முதல் சுற்றில் நான்காம் எண்ணில் எடு, இரண்டாம் சுற்றுக்கு இரண்டுக்கு இறங்கு.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. ரேசரின் தலையைக் கன்னத்தில் தட்டையாக வைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே தாழ்த்து. முடி அறுபடும் சத்தம் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்து. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் சுமார் 30 டிகிரி இருக்கும். பழனியிலும் திருத்தணியிலும் முடி இறக்கும் தொழிலாளர்களின் கையைப் பார்த்திருப்பாய். அழுகிற குழந்தையின் தலையில்கூடக் கீறல் விழாது. இடது கை தோலை இழுத்துப் பிடித்திருக்கும், வலது கை கத்தியை அழுத்தவே அழுத்தாது. பிளாஸ்டிக் ரேசரில் அழுத்திப் பழகிய கைக்கு இது வருவதற்குத்தான் நாளாகும். இந்த ரேசர் உலோகம். அதன் சொந்தக் கனமே போதும்.

கழுத்தில்தான் உனக்குத் தொல்லை என்றாள் அக்கா. அங்கே முடி எந்தப் பக்கம் முளைக்கிறது என்று விரலால் தடவிப் பார். பலருக்குக் கழுத்து முடி மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ படுத்திருக்கும். முதல் சுற்று முடி படுத்திருக்கும் திசையிலேயே, இரண்டாவது அதற்குக் குறுக்கே. எதிர்த்திசையில் இழுக்காதே. முடியைத் தோல் மட்டத்துக்கும் கீழே அறுத்தால், சுருட்டை முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகும். இரண்டு மூன்று பிளேடு அடுக்கிய கார்ட்ரிஜில் இது அதிகம் நடக்கும். முதல் பிளேடு முடியை இழுத்துத் தூக்கும், அடுத்தது அறுக்கும், மிச்சம் உள்ளே போய்விடும். முகமூடி ஒட்டுவதற்குத் தோல் கண்ணாடியாக வேண்டியதில்லை. கொப்புளம் சீழ் பிடித்தால் வைத்தியம் நீயே பார்க்காதே. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டு.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவ்வளவும் வீண். உங்கள் மாடிக்கு ஏறுவது போர்வெல் தண்ணீர், அதில் சோப்பு நுரைப்பதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகிவிடும், நுரைக்கு மிஞ்சுவது கொஞ்சம். எனவே குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொள். முகத்தை நனைத்து, இரண்டு மூன்று நிமிஷம் ஊறவிட்டு, அதன் பிறகு பிரஷ்ஷால் நுரை ஏற்று. தண்ணீர் குடித்த முடி மெத்தென்று ஆகி, பாதி வேலையை அதுவே முடித்துக் கொடுக்கும்.

ஒரு டம்ளரில் முழுச் சவரம் ஆகுமா என்று கேட்பாய். இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், அதைப் பார்க்காமல் பெரிய கம்பெனியே சறுக்கியிருக்கிறது. ஜில்லெட்காரர்கள் இந்தியாவுக்கென ஒரு ரேசரைத் தயாரித்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் பிடித்தது. இங்கே வந்து பார்த்தால் முடி அடைத்துக்கொண்டது. அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது, இங்குள்ளவர்களுக்கு ஒரு கோப்பைதான். பிறகு இங்கேயே வந்து, வீடுகளில் உட்கார்ந்து ஆண்கள் சவரம் செய்வதைக் கவனித்து, ஒற்றை பிளேடும் கழுவ எளிதான திறந்த அமைப்புமாக மாற்றி, 2010-இல் ‘ஜில்லெட் கார்ட்’ வெளியிட்டார்கள். அப்போது ரேசர் 15 ரூபாய், பிளேடு 5 ரூபாய். நம் வீட்டுக் கோப்பைத் தண்ணீர் ஓர் உலகக் கம்பெனியின் வரைபடத்தையே மாற்றியது மாமாவுக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது. உன் இருபக்க ரேசரும் அந்த வகையில் நல்லது. திறந்த வாய், டம்ளரில் ஒரு அலசு போதும்.

பிளேடை எத்தனை சவரத்துக்கு வைப்பது? நாலைந்துக்கு மேல் வேண்டாம். முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது, அது எப்படி பிளேடை மழுக்குகிறது என்ற கேள்விக்கு, எம்.ஐ.டி.யைச் சேர்ந்த செம் தாசான் குழு 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் பதில் சொன்னது. விளிம்பு தேய்வதைவிட, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்வதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி வளைந்து சாய்வாக மோதும்போது, அங்கே சில்லு தெறிக்கிறது. நன்றாக ஊறிய, படுத்த திசையில் அறுபடும் முடி பிளேடுக்கும் இரக்கம் காட்டும் என்பது மாமாவின் கணிப்பு.

பாட்டி செவ்வாய், வெள்ளியில் சவரம் கூடாது என்பாள். சலூன்காரர்களும் செவ்வாயில் கடையை மூடுகிறார்கள். செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள், நீ இருப்பதோ வல்லக்கோட்டை முருகன் நிழலில். ஆனாலும் செவ்வாயன்று கிளியர் கோட் விஷமில்லாமல் போவதில்லை. ஷிப்டுக்குப் போகும் முன் சவரம் செய், எந்தக் கிழமையானாலும். இரவு ஷிப்ட் என்றால் மாலையில் செய். பாட்டியிடம் மாமா பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக, இதில் விட்டுக்கொடுக்காதே: உன் ரேசர் உனக்கு மட்டும். வல்லம் வடகாலில் 2024-இல் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைத் திறந்தார்கள், நல்ல காரியம். உன்னைப் போன்ற பையன்கள் பலர் இன்னும் ஊருக்குள் மாடி அறையில் ஆறேழு பேராகத்தான் இருக்கிறார்கள். சோப்பு, சீப்பு, சட்டை எல்லாம் பொது. பிளேடு பொதுவாகக் கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத் துளியிலும் குறைந்தது ஏழு நாள் பிழைத்திருக்கும், கீறல் வழியாக அடுத்தவனுக்குப் போகும். சலூனுக்குப் போனாலும் சவரக்கத்தியில் புது பிளேடைக் கண்முன் ஒடித்து மாட்டச் சொல். கெட்ட பழக்கமுள்ளவர் என்று யாரையும் சந்தேகிப்பதாக அதற்கு அர்த்தமில்லை, சலூன்காரருக்கும் அது தெரியும்.

சவரம் முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, படிகாரக் கல்லை ஈரத்தோடு தடவு. எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே நீ அழுத்தியிருக்கிறாய், மறுநாள் அந்த இடத்தில் கையைத் தளர்த்து. தீர்ந்த பிளேடை அப்படியே குப்பையில் போடாதே. அதைக் கையால் கிளறிப் பிரிக்கிறவர் தூய்மைப் பணியாளர். ஒரு பழைய பவுடர் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு அதில் போட்டுவா, நிறைந்ததும் டேப் ஒட்டி, உள்ளே பிளேடு என்று எழுதிக் கொடு. பார்சலில் ஒரு படிகாரக் கல்லும் மூன்று கம்பெனி பிளேடும் இருக்கின்றன. ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைப் பிரி. இரண்டு வாரம் கழித்து, எந்த எண்ணில் நிற்கிறாய், கழுத்து எப்படி இருக்கிறது என்று போன் செய்து சொல்.

அன்புடன்,
மாமா