பெட்டியில் எழுதிய வோல்ட்டும் பேட்டரிக்குள் இருக்கும் வோல்ட்டும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நமது சங்கச் செயலாளர் கேட்டபோது, "கவிதை எல்லாம் எனக்கு வராதுப்பா" என்றேன். "அப்போ ஒரு பாடம் எழுது" என்றார். எலெக்ட்ரிக்கல் இறுதியாண்டு மாணவனாகிய நான் எழுதப்போகும் பாடம் கார்ட்லெஸ் டிரில்லிங் மெஷின் பற்றியது. இதை வகுப்பில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவின் பணத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன்.

என் அப்பா மர வேலை செய்பவர். கதவு, ஜன்னல், கப்போர்டு எல்லாம் செய்வார். புதுக் கட்டடங்களில் பெரும்பாலும் கரண்ட் கனெக்‌ஷன் இருக்காது. இருந்தாலும் கீழே ஓர் இடத்தில்தான் இருக்கும். மூன்றாவது மாடிக்கு எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தே பாதி நேரம் போய்விடும். அதனால் சீட்டு எடுத்த பணத்தில் நாலாயிரம் ரூபாயைத் தனியே வைத்து, பேட்டரி மெஷின் வாங்க என்னையும் கடைக்குக் கூட்டிப் போனார்.

கடையில் போஷ், மக்கிட்டா, டிவால்ட், ஹைகோக்கி, இன்கோ, டோட்டல் என்று வரிசையாக இருந்தன. அப்பா என்னைப் பார்த்து, "நீ படிக்கிற புள்ள. எது நல்லதுன்னு நீயே பார்த்துச் சொல்லுடா" என்றார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். நானும் பெருமையோடு பெட்டிகளைப் பார்த்தேன். ஒன்றில் 12 வோல்ட், ஒன்றில் 18, ஒன்றில் 20. மூலையில் பெயர் கேள்விப்படாத ஒரு பெட்டியில் 48 என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் 'வி.எஃப்.' என்று சின்னதாக இரண்டு எழுத்து இருந்தது. 18-ஐவிட 48 பெரிசுதானே! "இதான்ப்பா பவர் ஜாஸ்தி" என்றேன். வாங்கினோம். எட்டே மாதத்தில் பேட்டரி படுத்துவிட்டது. தனியாக பேட்டரி கேட்டால், "அந்த மாடல் இப்போ வர்றதில்ல தம்பி" என்றார் கடைக்காரர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தப் பேட்டரியை நம் லேபுக்கு எடுத்து வந்தேன். சார் மேற்பார்வையில்தான் திறந்தோம். (நண்பர்களே, வீட்டில் யாரும் இதைச் செய்யாதீர்கள். லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.) உள்ளே ஐந்தே ஐந்து செல்கள், தொடர் இணைப்பில். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் நாலு செல் நன்றாக இருந்தது, ஒன்று மட்டும் செத்துக் கிடந்தது. தொடர் இணைப்பில் ஒன்று போனால் ஐந்தும் போன மாதிரிதானே! "48 எங்கடா இருக்கு? கணக்குப் போட்டுக் காட்டு" என்றார் சார். அங்கே ஆரம்பித்தது இந்தப் பாடம்.

கொஞ்சம் வரலாறு

கார்ட்லெஸ் டிரில்லை நாசா கண்டுபிடித்ததாகப் பலர் சொல்வார்கள். அது தவறு. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1961-லேயே நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை வெளியிட்டுவிட்டது. விண்வெளிக்கான வேலை அதற்குப் பிறகு வந்தது. 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலவின் தரையைத் துளைத்தது பேட்டரி டிரில்தான்.

ஜப்பானின் மக்கிட்டா 1978-ல் தன் முதல் ரீசார்ஜ் டிரில்லைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் போஷ் 2003-ல் 'இக்ஸோ' என்ற சின்ன ஸ்க்ரூடிரைவரில் லித்தியம் அயான் செல்லைப் பயன்படுத்தியது. 2005-ல் மக்கிட்டாவும் மில்வாக்கியும் பெரிய டூல்களிலும் லித்தியத்தைக் கொண்டுவந்தன. இப்போது கடையில் நாம் பார்க்கும் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

வோல்ட் கணக்கு

லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி வோல்ட்டேஜ் 3.6. முழுசாக சார்ஜ் ஏறியதும் சுமார் 4.2 காட்டும். வேலை செய்யத் தொடங்கியதும் இறங்கிவிடும். இனி பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

ஐந்து செல் x 3.6 = 18 வோல்ட்
ஐந்து செல் x 4.0 = 20 வோல்ட்
ஐந்து செல் x 4.2 = 21 வோல்ட்

பார்த்தீர்களா? 18, 20, 21 மூன்றும் ஒரே பேட்டரிதான்! டிவால்ட் தன் பேட்டரியை அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்கிறது. 12 வோல்ட் என்பது மூன்று செல், சராசரி 10.8. மக்கிட்டாவின் '40 வோல்ட் மேக்ஸ்' என்பது பத்து செல், சராசரி 36.

எங்கள் 48? ஐந்து செல்லில் 48 வரவேண்டுமென்றால் ஒரு செல் 9.6 வோல்ட் தரவேண்டும். அப்படி ஒரு லித்தியம் செல் உலகத்திலேயே கிடையாது. 'வி.எஃப்.' என்ற அந்த இரண்டு எழுத்து, 'இது வோல்ட் இல்லை' என்று தப்பித்துக்கொள்ள வைத்த கதவு. சிலர் 88, 128 என்றுகூடப் போடுகிறார்கள்.

ஆம்பியர்-அவரும் வாட்-அவரும்

வோல்ட்டோடு ஆம்பியர்-அவரைப் பெருக்கினால் வாட்-அவர். பேட்டரியில் உள்ள மொத்தச் சரக்கு அதுதான். பிராண்டுகளை ஒப்பிட நேர்மையான அளவுகோல் இதுவே.

18 வோல்ட், 1.5 ஆம்பியர்-அவர் = 27 வாட்-அவர்
18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் = 36 வாட்-அவர்
18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் = 90 வாட்-அவர்

5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் வழக்கமாகப் பத்து செல் இருக்கும். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, இரண்டும் பக்க இணைப்பில். இதனால் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு செல்லின் உள்மின்தடை 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செல் தொடரில் 100 மில்லி ஓம். டிரில் 30 ஆம்பியர் இழுத்தால் ஓம் விதிப்படி 3 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். 90 வாட் வெப்பமாக வீணாகும். இரண்டு வரிசை இருந்தால் தடை 50 மில்லி ஓம். விழுவது 1.5 வோல்ட், வெப்பம் 45 வாட்தான். அதே மெஷினில் பெரிய பேட்டரி போட்டால் அதிக நேரம் ஓடும். கனத்த மரத்தில் திணறவும் திணறாது. இந்தக் கணக்கு முதலாண்டிலேயே நம் பாடத்தில் வந்துவிட்டது. கடையில் நிற்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வரவில்லை.

முறுக்குவிசை: இரண்டு எண் உண்டு

டார்க் என்கிற முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். 'ஹார்டு' என்பது இரும்பில் போல்ட் இறுகி நிற்கும் கணத்தில் கிடைப்பது. 'சாஃப்ட்' என்பது மரத்தில் ஸ்க்ரூ போகப்போக மெதுவாக ஏறும் சுமையில் கிடைப்பது. விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள். கம்பெனிகளின் விவரப்பட்டியலிலிருந்து நான்கு 18 வோல்ட் மாடல்களைப் பார்ப்போம்.

போஷ் ஜி.எஸ்.பி. 180-எல்.ஐ.: ஹார்டு 54, சாஃப்ட் 21
மக்கிட்டா டி.எச்.பி. 453: ஹார்டு 42, சாஃப்ட் 27
மக்கிட்டா டி.எச்.பி. 482: ஹார்டு 62, சாஃப்ட் 36
டிவால்ட் டி.சி.டி. 776: ஹார்டு 42, சாஃப்ட் 24

முதல் இரண்டு வரியையும் கவனியுங்கள். பெரிய எண்ணைப் பார்த்தால் போஷ் முந்துகிறது. மர வேலைக்கான எண்ணைப் பார்த்தால் மக்கிட்டா முந்துகிறது. என் அப்பாவுக்கு வேண்டியது இரண்டாவது எண். கிரில் பட்டறை வைத்திருப்பவருக்கு வேண்டியது முதல் எண். ஆகவே "எந்த பிராண்டு நல்லது?" என்று கேட்பவரிடம், "என்ன வேலைக்கு?" என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும்.

பிரஷ் உள்ளதா, இல்லாததா?

மேலே சொன்ன நான்கும் கார்பன் பிரஷ் மோட்டார் கொண்டவை. பிரஷ் உராய்வதால் வெப்பமும் தேய்மானமும் உண்டு. ஆனால் தேய்ந்த பிரஷை மாற்றிக்கொள்ளும் வசதி பல மாடல்களில் இருக்கிறது, செலவும் குறைவு. பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் ரோட்டாரிலும் காயில் ஸ்டேட்டாரிலும் இருக்கும். கம்யூட்டேட்டர் செய்த வேலையை எலெக்ட்ரானிக் சர்க்யூட் செய்யும். இப்போது வீடுகளில் மாட்டும் பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன் இதே தத்துவம்தான். ஒரே பேட்டரியில் அதிக வேலை நடக்கும். சர்க்யூட் போனால் மட்டும் செலவு கையைக் கடிக்கும். நாள் முழுக்க வேலை செய்பவருக்கு பிரஷ்லெஸ். வாரம் ஒருமுறை எடுப்பவருக்குப் பழைய மோட்டாரே போதும்.

மெஷினை வாங்கவில்லை, பேட்டரிக் குடும்பத்தில் சேருகிறோம்

நான் தொலைத்த பணத்துக்குக் கிடைத்த முக்கியமான பாடம் இதுதான். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது. முதல் டிரில் வாங்கும்போதே அடுத்து வாங்கப்போகும் கிரைண்டர், ரம்பம், இழைப்பு மெஷின் எல்லாவற்றுக்கும் சேர்த்து முடிவு செய்துவிடுகிறோம். ஒரே குடும்பம் என்றால் பேட்டரி, சார்ஜர் இல்லாமல் வெறும் மெஷினை மட்டும் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

எனவே பார்க்க வேண்டியது, ஒரு கம்பெனி தன் பேட்டரி வடிவத்தை எத்தனை வருஷமாக மாற்றாமல் காப்பாற்றுகிறது என்பது. போஷ் நிறுவனத்தின் தொழில்முறை 18 வோல்ட் வரிசையில் 2008-லிருந்து வந்த மெஷின்களும் பேட்டரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. மக்கிட்டாவின் 18 வோல்ட் எல்.எக்ஸ்.டி. வரிசை 2005-ல் வந்தது, இன்றும் ஓடுகிறது. ஆனால் அதன் 40 வோல்ட் பேட்டரி 18 வோல்ட் மெஷினில் ஏறாது. ஹிட்டாச்சி கோக்கி 2018-ல் ஹைகோக்கி என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் அதன் 18 வோல்ட் ஸ்லைடு பேட்டரி மாறவில்லை. சில கம்பெனிகள் சேர்ந்து ஒரே பேட்டரியைப் பயன்படுத்தும் கூட்டணிகளும் உண்டு. மெட்டாபோ தலைமையில் 2018-ல் ஒன்று, போஷ் தலைமையில் 2022-ல் 'ஆம்ப்ஷேர்' என்று ஒன்று.

புதிதாக வருபவை

ஹைகோக்கியின் 'மல்டி வோல்ட்' பேட்டரியில் பத்து செல். 36 வோல்ட் மெஷினில் போட்டால் பத்தும் தொடரில் சேர்ந்து 36 வோல்ட், 2.5 ஆம்பியர்-அவர். 18 வோல்ட் மெஷினில் போட்டால் ஐந்து ஐந்தாகப் பக்க இணைப்பில் 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 90 வாட்-அவர்! டிவால்ட் 2016-ல் கொண்டுவந்த 'ஃபிளெக்ஸ்வோல்ட்' பேட்டரியிலும் இதே யுக்திதான். நம் தொடர்-பக்க இணைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் அதே வாட்டுக்குப் பாதி ஆம்பியர் போதும். மின்வாரியம் 230 கிலோ வோல்ட்டில் கரண்ட் அனுப்புவதும் இதற்காகத்தான். ஆனால் செல்லுக்குள் நடக்கும் நஷ்டம் குறையாது. ஒவ்வொரு செல்லும் தரும் கரண்ட் அதேதான். வயர், ஸ்விட்ச், சர்க்யூட் பகுதியில்தான் மிச்சம்.

செல்லிலும் மாற்றம் வருகிறது. டிவால்ட் 2021-ல் உருளைக்குப் பதிலாகத் தட்டையான பை வடிவச் செல்லை அறிவித்தது. அடுத்து வந்திருப்பது 'டேப்லெஸ்' செல். சாதாரண செல்லில் சுருட்டிய தகட்டிலிருந்து கரண்ட் ஒரு சின்ன நாக்குப் பட்டை வழியாக வெளியே வரும், அங்கே நெரிசல். டேப்லெஸ்ஸில் தகட்டின் விளிம்பு முழுவதும் மூடியைத் தொடும். ஒரே வாசல் உள்ள சினிமா தியேட்டருக்குப் பதில் சுற்றிலும் வாசல் வைத்த மாதிரி. தடை குறையும், சூடு குறையும். விலை இப்போதைக்கு அதிகம்தான்.

அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு

1. பெரிய எண்ணைப் பார்க்காதே. பேட்டரியின் அடியில் வோல்ட், ஆம்பியர்-அவர் தேடிப் பெருக்கு. வாட்-அவர் வரும்.
2. 'வி.எஃப்.' போன்ற எழுத்து இருந்தால் வேண்டாம்.
3. டார்க் எண் இரண்டையும் கேள். மரத்துக்கு 'சாஃப்ட்' எண்.
4. பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று முதலில் கேள். பிறகு மெஷின் விலை கேள்.
5. சர்வீஸ் சென்டர் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்.
6. சூடான பேட்டரியை உடனே சார்ஜ் போடாதே. 10 முதல் 40 டிகிரிக்குள் சார்ஜ் செய்யச் சொல்கிறது மக்கிட்டா கையேடு. நம் ஊர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைக்கவே கூடாது.
7. ஸ்க்ரூ, ஆணி போட்ட பையில் பேட்டரியைப் போடாதே. ஷார்ட் ஆகும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யாதே, குப்பையிலும் போடாதே. மின்கழிவு வாங்குபவரிடம் கொடு.

முடிவாக, இந்தச் சீட்டை அப்பா தன் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். தை மாதம் அடுத்த சீட்டு விழும். "அப்போ நீயும் கடைக்கு வாடா" என்று சொல்லியிருக்கிறார். ஒருமுறை ஏமாந்த பிறகும் என்னை நம்பிக் கூப்பிடுகிறார். இந்தத் தடவை கடையில் பேப்பர், பேனாவோடு நிற்பேன்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நம் வீட்டிலும் தெருவிலும் யாராவது பம்ப், இன்வெர்ட்டர், மெஷின் வாங்கப் போனால் "நீ படிக்கிறியே" என்று நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது பெட்டியின் மேலே இருப்பதைப் படித்துச் சொல்ல நாம் தேவையில்லை, அது அவர்களுக்கே தெரியும். உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வதற்குத்தான் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்.