பாதுகாப்பு வளைவிலிருந்து ஒரு பாடம்

பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, குளிக்கத் தடை: சாரல் காலத்தில் தென்காசி மாவட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் செய்தி இது. எம்பெடட் சிஸ்டம் என்றால் என்ன என்று மேல்நிலை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல தொடக்கம் நமக்குக் கிடைக்காது. நீரின் அளவு கவனிக்கப்படுகிறது. அது ஓர் எல்லையைத் தாண்டியதா என்று முடிவு செய்யப்படுகிறது. தாண்டினால் ஒரு செயல் நடக்கிறது. குற்றாலத்தில் இந்த மூன்றையும் பணியில் இருக்கும் காவலர் செய்கிறார். ஒரு கருவிக்குள் பொதிந்திருக்கும் சிறு கணினி இவற்றைத் தானே செய்தால் அது எம்பெடட் சிஸ்டம். அதன் செயல் கை கால் அசைவாக, நகர்வாக வெளிப்பட்டால் அதை ரோபோ என்கிறோம்.

இந்தப் பாடத்தை விளையாட்டாக நடத்த முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மலைமேல் பெய்யும் மழை, கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எச்சரிக்கை சில நிமிடங்கள் முன்னதாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்று மாணவர்களிடமே கேட்கலாம்.

செய்முறைக்கு ஒரு வாளி, ஓர் ஆர்டுயினோ யூனோ பலகை, ஒரு மீயொலி சென்சார், ஒரு பஸ்ஸர் போதும். சென்சாரை வாளிக்கு மேலே பொருத்தி, குழாயைத் திறந்துவிடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் படித்த எதிரொலிதான் இங்கே வேலை செய்கிறது. 20 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். நீர்மட்டம் ஒரு மீட்டர் கீழே இருந்தால் ஒலி போய்த் திரும்ப 5.8 மில்லிநொடி ஆகும். யூனோவின் கடிகாரம் நொடிக்கு 1.6 கோடி முறை துடிப்பது. அந்த இடைவெளிக்குள் அது 90 ஆயிரம் முறைக்கு மேல் துடித்துவிடும். அதன் தற்காலிக நினைவகமோ வெறும் 2 கிலோபைட். கைப்பேசியோடு ஒப்பிட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

உண்மையான பாடம் அடுத்த பத்து நிமிடத்தில்தான் தொடங்குகிறது. குழாய் நீர் விழுந்து அலை எழும்பும்போது அளவுகள் தாறுமாறாகத் துள்ளும். எல்லைக்கு அருகே நீர் வந்ததும் பஸ்ஸர் விட்டுவிட்டு அலறும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். அடுத்தடுத்து ஐந்து அளவுகளை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை மட்டும் நம்பலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒலிக்க ஓர் எல்லை, நிறுத்த அதைவிடத் தாழ்வான இன்னோர் எல்லை என்று இரண்டு வைத்துக்கொள்ளும் யோசனைக்கு ஒரு சின்னத் தூண்டுதல் தேவைப்படலாம்.

பிறகு வாளியை விட்டு மலைக்குப் போங்கள். அருவிச் சாரலில் மீயொலி ஏமாறாதா? மழையில் மின்சாரம் போனால்? சென்சாரை அருவியிலேயே வைத்தால் எச்சரிக்கை தாமதமாகாதா? மேலே காட்டுக்குள் வைத்தால் செய்தி எப்படிக் கீழே வரும்? மூன்று முறை பொய்யாக அலறிய சைரனை நான்காம் முறை யார் நம்புவார்கள்? இவற்றுக்குப் புத்தகத்தில் ஒற்றை விடை கிடையாது.

இந்தத் துறையில் வேலைக்குச் சேரும் இளைஞரின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் கழிகின்றன: சி மொழியில் நிரல் எழுதுவது, உதிரிபாகத்தின் தரவுத்தாளைப் பக்கம் பக்கமாகப் படிப்பது, பற்றவைப்பது, ஆசிலோஸ்கோப்பில் சமிக்ஞையைப் பார்ப்பது, மீண்டும் மீண்டும் சோதிப்பது. சினிமா ரோபோவை மனத்தில் வைத்து வரும் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நல்ல உதாரணம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய இரு தொழிலாளர்களும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநர் நௌஷாதும் இறந்தனர். குற்றிப்புறம் பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்த விமல் கோவிந்த், ரஷீத், நிகில், அருண் ஜார்ஜ் நால்வரும் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனத்தை உருவாக்கி, மனிதருக்குப் பதில் குழிக்குள் இறங்கும் பேண்டிகூட் ரோபோவைச் செய்தனர். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது பணிக்கு வந்தது. பின்னர் கும்பகோணம், கோயம்புத்தூர் போன்ற நம் ஊர்களுக்கும் வந்தது. கேமராவும் நச்சுவாயு சென்சார்களும் கொண்ட அந்த இயந்திரத்தின் அடிப்படையும் நம் வாளிச் சோதனையும் ஒன்றே: உணர், முடிவெடு, செய்.

2011 முதல் தென்காசிப் பகுதியில் இயங்கும் ஸோகோ நிறுவனம் 2022-இல் ஜென்ரோபோடிக்ஸில் முதலீடு செய்தது. மத்தளம்பாறையில் வேலை என்றாலே மென்பொருள்தான் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வன்பொருள் வழி வேறு, அதற்குப் படிகளும் பல. பத்தாம் வகுப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் சேரலாம்; பன்னிரண்டாம் வகுப்போ ஐடிஐயோ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; டிப்ளமோவுக்குப் பின் பொறியியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். நான் முதல்வன் வழிகாட்டல் வகுப்பில் இந்தப் படிகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். பட்டம் இல்லாவிட்டால் கதவு மூடிவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது.

வாளிச் சோதனைக்கு மதிப்பெண் தரும்போது பஸ்ஸர் ஒலித்ததா என்பதோடு நிறுத்த வேண்டாம். எந்தத் தேதியில் எது பழுதானது, எதை மாற்றியதும் சரியானது என்று ஒவ்வொரு குழுவும் தனி நோட்டில் எழுதட்டும். நேர்காணலுக்குப் போகும் நாளில் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.