வாகனம் மாற்றும் வீட்டாருக்கு: சில மஸ்அலாக்கள்

வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவது வீண் விரயத்தில் சேருமா என்று நம்மிடம் கேட்கும் சகோதரர்கள் உண்டு. விசாலமான வீடும், நல்ல அண்டை வீட்டாரும், சுகமான வாகனமும் மனிதனுடைய நற்பேற்றில் உள்ளவை என்ற கருத்துப்பட பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் கிரந்தங்களில் வந்திருக்கிறது. எனவே நல்ல வாகனத்தை விரும்புவது குற்றமாகாது. மாதத்திற்கு இருமுறை பட்டறையில் நிற்கிற வண்டியை, முழங்கால் வலியுள்ள தாயாரை ஏற்றி இறக்க முடியாத வண்டியை மாற்றுவது தேவைதான். எதிர் வீட்டார் வாங்கிவிட்டார்களே என்று வாங்குவது வேறு விஷயம். அந்த நிய்யத்தை அவரவர் நெஞ்சம் அறியும். நாம் தோண்ட வேண்டியதில்லை. வாங்குவது என்று முடிவான பிறகு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதே இங்கு நம் பேச்சு.

முதலில் ஓட்டிப் பார்ப்பது. இது இந்தக் காலத்துப் புது வழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரிடம் ஒரு குதிரைக்கு விலை பேசி, ஓட்டிப் பார்ப்பதற்காக அதன்மேல் ஏறிச் சென்றார்கள். போன இடத்தில் குதிரைக்கு ஊனம் ஏற்பட்டுவிட்டது. உம்முடைய குதிரையை எடுத்துக்கொள்ளும் என்றார்கள் கலீஃபா. அவரோ மறுத்துவிட்டார். இருவரும் ஒரு நடுவரை வைத்துக்கொள்வதென்று ஒப்பி, குதிரைக்காரர் ஷுரைஹ் அவர்களின் பெயரைச் சொன்னார். ஷுரைஹ் வழக்கைக் கேட்டுவிட்டு, வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் எடுத்தபடியே திருப்பிக் கொடுங்கள் என்ற கருத்தில் கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பென்றால் இதுவன்றோ என்று மகிழ்ந்து அவரையே கூஃபாவுக்குக் காழியாக அனுப்பினார்கள் உமர் (ரலி) அவர்கள்.

விலை பேசி, பார்ப்பதற்காகக் கையில் வாங்கிய பொருளைப் பற்றி ஃபிக்ஹு கிதாபுகளில் தனியே சட்டம் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் அது சேதமானால் எடுத்தவர் பொறுப்பாளி. ஹனஃபி மத்ஹபில் விலை குறிப்பிட்டு எடுத்திருந்தால் பொறுப்பு உண்டு. சும்மா பார்க்க மட்டும் எடுத்திருந்தால் அது அமானத், கவனக்குறைவு இருந்தால்தான் பொறுப்பு. ஆகவே ஷோரூமில் ஓட்டிப் பார்க்கும் முன் கையெழுத்துக்கு நீட்டுகிறார்களே ஒரு தாள், அதைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். இடித்தால் யார் பொறுப்பு என்பது அதில்தான் இருக்கும். வாங்கும் எண்ணமே இல்லாமல், விடுமுறை நாளில் பிள்ளைகளுக்குப் பொழுது போகட்டும் என்று நான்கு ஷோரூம் ஏறி இறங்குவதும் சரியல்ல. அந்த விற்பனைப் பையனுக்கு அன்றைய பொழுது போய்விடுகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது. தனியாக ஓட்டினால் எல்லா வண்டியும் பறக்கும். ஐந்து பேர் அமர்ந்து, குளிர்சாதனம் ஓடி, மேம்பாலம் ஏறும்போதுதான் அதன் சக்தி தெரியும். வேகத்தடையில் அடி தட்டுகிறதா, பின்னால் வரும்போது கண்ணாடியில் என்ன தெரிகிறது, பெரியவர்கள் குனியாமல் ஏற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் குறை, விற்பனைப் பையன் கையில் தரும் வழவழப்பான புத்தகத்தில் இராது.

இங்கே ஒரு நுட்பமான மஸ்அலா உண்டு. நாம் ஓட்டிப் பார்ப்பது ஒரு வண்டி. நமக்குக் கிடைப்பது வேறு வண்டி. காணாத பொருளை விற்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி செல்லாது; ஹனஃபி மத்ஹபில் செல்லும், ஆனால் பார்த்ததும் வேண்டாமென்று மறுக்க உரிமையுண்டு. ஆகையால் நமக்கென்று ஒதுக்கிய வண்டியையே, ஆர்.டி.ஓ. பதிவுக்கு அனுப்பும் முன்பு, பகல் வெளிச்சத்தில் நேரில் பார்த்துவிடுவது இரு மத்ஹபுக்கும் பொருந்தும். சேஸிஸ் எண்ணும், தயாரான மாதமும் ஆண்டும், டயரும், பெயிண்டும் அப்போதே பார்க்கப்பட வேண்டும். பதிவாகிவிட்டால் அது நம் பெயருக்கு வந்த வண்டி. பிறகு பேச்சுக்கு வலுவில்லை.

முன்பணம் கட்டிவிட்டு மனம் மாறினால் என்ன? வாங்காவிட்டால் பணம் கடைக்காரருக்கே என்ற நிபந்தனைக்கு அரபியில் உர்பூன் என்று பெயர். மூன்று மத்ஹபின் இமாம்கள் இதை ஒப்பவில்லை. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்தார்கள். 1993-இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு சபை, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் கூடும் என்று தீர்மானித்தது. கருத்து வேற்றுமையில் போய் விழாமலிருக்க, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வாங்கிய புது வண்டியில் குறை தெரிந்தால் திருப்பும் உரிமை மார்க்கத்தில் இருக்கிறது. ஆனால் ஷாபிஈ மத்ஹபில் தெரிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். குறை தெரிந்த பின்னும் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அந்த உரிமை போய்விடும். அப்படியானால் திருப்பிக் கொடுக்கக் கடை வரை ஓட்டிச் செல்வதும் பயன்படுத்தியதாகாதா என்று ஒருவர் கேட்டார். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதற்கு ஒத்த சட்டம் இருக்கிறது. பிடித்து நடத்தவோ ஓட்டிச் செல்லவோ முடியாத முரட்டு வாகனப் பிராணியைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஏறிச் சென்றால் அது மன்னிக்கப்படும். காரைத் தள்ளிக்கொண்டா போவது?

இனி பழைய வண்டிக்கு வருவோம். வாங்குவதில் நாம் ஏமாறாமலிருப்பது ஒரு பங்கென்றால், விற்பதில் நாம் ஏமாற்றாமலிருப்பது மூன்று பங்கு. நம் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நம் வாசலில் நின்ற வண்டிக்குள் இருக்கை மட்டத்திற்குத் தண்ணீர் புகுந்தது. தரை விரிப்பை மாற்றி, வயரிங்கைச் சீர்செய்து, எஞ்சினைத் திறந்து பார்த்து ஓட்டினோம். நன்றாகவே ஓடியது. மழை நாளில் மட்டும் ஒரு வாடை வரும். சில நேரம் கதவுக் கண்ணாடி இறங்காது. 2019-இல் மாற்றிவிடுவதென்று புது வண்டி பார்த்தபோது, பழையதை மதிப்பிட ஓர் இளைஞர் வந்தார். பெயிண்டைத் தட்டினார், டயரைப் பார்த்தார், விபத்து உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். உண்மையும் அதுதான். 2,10,000 ரூபாய் என்று எழுதினார். அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை.

இரவு சாப்பிடும்போது பேச்சு வந்தது. "அவர்தான் கேட்கவே இல்லையே வாப்பா" என்றான் மகன். நமக்கும் அந்த வாதம் இனிப்பாகவே இருந்தது என்பதை மறைப்பானேன். சோறு போட்டுக்கொண்டிருந்த நம் வீட்டுக்காரர் சொன்னார்: "அந்தத் தானிய வியாபாரியும் மழை பெய்ததென்றுதானே சொன்னார்?"

அவர் குறிப்பிட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்ற கடுமையான எச்சரிக்கையைச் சொன்னார்கள். கவனிக்க வேண்டும்: அந்த வியாபாரியும் பொய் சொல்லவில்லை. கேட்டவுடன் உள்ளதைச் சொன்னார். மழையும் அவர் பெய்வித்ததல்ல. காய்ந்தது மேலும் ஈரமானது கீழும் இருந்ததுதான் குற்றம். நம் வண்டியில் புது விரிப்பு மேலும் துருப்பிடித்த தரை கீழும் இருந்தன.

மறுநாள் காலை அந்த இளைஞருக்குத் தொலைபேசியில் சொன்னோம். மறுபடி வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். விலை 1,60,000-க்கு இறங்கியது. ஐம்பதாயிரம் ரூபாய் நடுத்தரக் குடும்பத்திற்குச் சிறு தொகையல்ல. பேசி வைத்திருந்த வண்டியில் ஒரு படி கீழானதை எடுத்தோம்; பின்புறக் காமிரா இல்லாதது. மகனுக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை. 2023 டிசம்பர் மழையில் அதே சென்னையில் எத்தனையோ வண்டிகள் மறுபடி நீரில் நின்றன. அவற்றில் பல இன்று கை மாறிக்கொண்டிருக்கும். வாங்குவோர் விரிப்பையும், இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்து அதன் அடிப்பகுதியையும், ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பார்க்கட்டும்.

தரகர்களும் மெக்கானிக்குகளும் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. வாஸிலா (ரலி) என்ற ஸஹாபியின் வீட்டிலிருந்து ஒருவர் ஒட்டகம் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். வாஸிலா அவர்கள் அவரைத் தொடர்ந்து விரைந்து சென்று, இறைச்சிக்கா பயணத்திற்கா என்று கேட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போக என்றார் அவர். அப்படியானால் அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்றார் விற்றவர். குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது. அறிந்தவன் சொல்லாமலிருப்பதும் ஆகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அவர்கள் பதில் சொன்னார்கள். விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக் என்பதால் வாயை மூடிக்கொள்ள வழியில்லை. கிலோமீட்டர் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பிக் கொடுப்பவரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

"உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு என்னைக் கேட்கக் கூடாது" என்று எழுதி வாங்கிவிட்டால் போதுமா? ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஆனால் தெரிந்த குறையை மறைத்த பாவம் அதனால் நீங்காது. ஷாபிஈ மத்ஹபிலோ, உயிர்ப் பிராணியில் விற்பவருக்கே தெரியாத உள் குறை ஒன்றுக்குத்தான் அது தப்பவிடும். உண்டு கொழுத்தும் மெலிந்தும் வரும் பிராணியின் உள்ளே இருப்பதை யாரும் அறிய முடியாது என்பதே காரணம். காருக்கு அந்தச் சலுகை இல்லை.

பழையதையும் பணத்தையும் சேர்த்துக் கொடுத்துப் புதியதை வாங்குவதில் வட்டி கலக்காது. வண்டிகள் தங்கம், வெள்ளி, தானியம் போன்ற இனமல்ல. ஆனால் "நீ இதை விற்றால்தான் நான் அதை விற்பேன்" என்று இரண்டு விற்பனைகளை ஒன்றுக்கொன்று நிபந்தனையாக்குவதை ஷாபிஈ இமாம்கள் தடுக்கிறார்கள். பழைய வண்டியையே விலையின் ஒரு பகுதியாக்கி ஒரே வியாபாரமாகப் பேசுங்கள். அல்லது இரண்டையும் தனித்தனியே முடியுங்கள். புது வண்டி வரும் வரை பழையதை நாமே ஓட்டுவதாக இருந்தால், இப்போது விலையை மட்டும் பேசி, ஒப்படைக்கும் நாளில் விற்பனையை முடிப்பதே குழப்பமற்றது. இடையில் எங்காவது இடித்துக்கொண்டால் நஷ்டம் நம்முடையது. பேசிய விலையையும் மறுபடி பேச வேண்டும்.

வட்டிக் கடனைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தவணை விலை ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருந்தாலும், ஒப்பந்தத்தின்போதே ஒரே விலையாக முடிவானால் கூடும் என்பது பெரும்பாலான இமாம்களின் சொல். வட்டியே இல்லை என்று விளம்பரம் செய்யும் திட்டங்களில், தவணை தவறினால் என்ன கேட்கிறார்கள் என்ற பக்கத்தைப் படித்துப் பாருங்கள். படித்த பின் நம்மிடம் கேட்க வேண்டியிராது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். அதை நிர்ப்பந்தம் என்ற வகையில் ஆலிம்கள் அனுமதிக்கின்றனர்.

வண்டி வீட்டுக்கு வரும் நாளில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவது நம் வழியல்ல. ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் 13, 14-ஆம் வசனங்களில் வாகனத்தில் ஏறும்போது ஓத வேண்டியது இருக்கிறது. இதை நமக்கு வசப்படுத்தியவன் அல்லாஹ், நாமாக இதை அடக்கக் கூடியவர்களாக இருக்கவில்லை, அவனிடமே திரும்புவோம் என்பது அதன் கருத்து. ஓட்டுநர் இருக்கையில் அமரும் பிள்ளைக்கு அதைப் பொருளோடு சொல்லிக் கொடுங்கள்.

பழைய வண்டியைக் கொடுத்தவுடன் காரியம் முடிந்ததென்று இருந்துவிட வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. ஒரே மாநிலத்திற்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் 29, பெயர் மாற்றத்திற்குப் படிவம் 30. கடன் இருந்து தீர்ந்திருந்தால் அந்தக் குறிப்பையும் முன்பே நீக்கிவிட வேண்டும். ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாம் வாங்கிய தாளில் நான்காவது வரியாக, 2015-இல் வெள்ளத்தில் நின்ற வண்டி என்று அந்த இளைஞரே தம் கையால் எழுதிக் கொடுத்தார்.